மாடிப்படியில் சுமந்த எழுத்து

ஏப்ரல் 8, திங்கள்

நான் சொல்லச் சொல்ல எப்சி எழுதுகிறாள். எனக்கு எழுத்து கிடையாது. டெலிபோன் டிபார்ட்மெண்டில் முப்பத்திரண்டு வருசம் கட்டைவிரல் வைத்தே சம்பளம் வாங்கினேன். பென்சன்காரர் சங்கத்தில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து வெறுமனே கிடந்தது. நெஞ்சு படபடப்புக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டரம்மா, மனசில் உள்ளதை யாரிடமாவது தினமும் பேசுங்கள் என்றார். "பேசுங்க, நான் எழுதிக்கிடுதேன். வெறும் பேச்சுன்னா பாதியில முழுங்கிருவீங்க" என்று எப்சி பேனாவை எடுத்துவிட்டாள். வீட்டுக்காரியிடமே சொல்லி எழுதுவது டாக்டரம்மா சொன்ன கணக்கில் வருமா தெரியவில்லை.

என் பெயர் துரைப்பழம். வயது எழுபத்துநாலு. ஊர் பாளையங்கோட்டை. மகன் ஒருத்தன், ஜெயசிங். போலந்து நாட்டில் கம்ப்யூட்டர் வேலை. ஜனவரி பதினாலாம் தேதி காலையில் ரோட்டில் பனி உறைந்து கிடந்ததாம், சைக்கிள் சறுக்கித் தலையில் அடி. முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டு நாள் கழித்துப் பெட்டியில் வந்தான்.

அவன் கொடுத்த லேப்டாப் நடுவீட்டில் மேசைமேல் இருக்கிறது. தினமும் பகல் ஒன்றரைக்கு அதில் பேசுவோம், அவனுக்கு அப்போது காலை ஒன்பது. ஜனவரி பதினொண்ணு, வியாழக்கிழமை, பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் கட் ஆகிவிட்டது. அதிலிருந்து மிசினில் வைஃபை வரவில்லை. என் செல்லிலும் மூணு நாள் சார்ஜ் இல்லாமல் போச்சு. அதற்குள் அப்படி ஆகிவிட்டது.

இன்று ஷாகுல் ஹமீது ஃபோன் செய்தார். மேலப்பாளையத்துக்காரர், ஜெயசிங்கோடு படித்தவர், பெங்களூரில் இருக்கிறார். மகனின் சாவுச் சேதியை எனக்குச் சொன்னதும் அவர்தான். ஜெயசிங் கடைசி நாட்களில் எங்களுக்கு அனுப்பின மூணு குரல் சேதி, அவன் வாடகைக்கு எடுத்திருந்த சர்வரில் வந்து கிடக்கிறதாம். வாங்கிக்கொள்ள நம் வீட்டு மிசினுக்கு மட்டும்தான் உரிமை. வாடகை இந்த மாதம் முப்பதோடு முடிகிறது. அப்புறம் எல்லாம் அழிந்துவிடும்.

"அதுக்குள்ள அந்த மிசின்ல வைஃபை வரணும், அப்பா" என்றார்.

என்னை மாமா என்று கூப்பிடச் சொன்னேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மார்க்கெட் பக்கம் வள்ளிநாயகத்தின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு மிசினைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுபோனேன். திறந்து பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணாச்சி, இது லினக்ஸு, விண்டோஸ் இல்ல. இதோட மல்லுக்கட்டாதீக. எல்லாத்தையும் தொடைச்சிட்டு வேற போட்டுத் தாரேன். அரை மணி நேரம்."

"தொடைச்சா?"

"உள்ள உள்ளது போவும். போனா என்ன, உள்ள தங்கமா இருக்கு?"

வாய்வரைக்கும் ஒரு பதில் வந்தது. வேறு வழி இருக்கா என்று மட்டும் கேட்டேன். விரல்நீளத்தில் ஒரு வைஃபை குச்சியைச் செருகிப் பார்த்தார், அதையும் மிசின் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு கனகமணியின் டச் ஃபோனை வயர் போட்டு மாட்டினோம். சார்ஜ் ஏறியது. நெட் ஏறவில்லை. "ஓசிக் கரண்டுக்கு உங்க வீடு நல்ல வீடு" என்று சொல்லிவிட்டுக் கனகமணி ஃபோனைக் கழற்றிக்கொண்டு போனாள். எப்சி ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள்.

ஏப்ரல் 11, வியாழன்

இன்று வேலை ஆரம்பம். மிசினின் பேட்டரி செத்துவிட்டதால் கீழே பிளக்கிலேயே கிடக்க வேண்டும். என் செல்லுக்கோ மாடியில் தண்ணித் தொட்டி பக்கம் நின்றால்தான் சிக்னல். எப்சிக்கு முழங்கால் ஆகாது, ஆனால் இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றாகப் படிப்பாள், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். அதனால் இப்படி ஏற்பாடு: மாடியில் ஷாகுல் சொல்கிற எழுத்துகளை நான் தலையில் ஏற்றிக் கீழே கொண்டுவருவேன், எப்சி தட்டுவாள். மிசின் சொல்லுகிற பதிலை அவள் எழுத்தெழுத்தாகப் படிப்பாள், நான் மேலே கொண்டுபோய் ஒப்பிப்பேன். பதினேழு படி.

எழுத்தின் உருவம் எனக்குத் தெரியாது, சத்தம் தெரியும். ஒருதடவை காதில் விழுந்தால் போகாது. நான் கேபிள் ஜாயிண்டர், டெலிபோன் வயரை ஜோடி பார்த்து இணைக்கிறவன். மார்க்கெட் பில்லர் பெட்டியில் நானூறு ஜோடி வயர். மஞ்சள்-பழுப்பு தாலுகா ஆபீஸ், ஊதா-சாம்பல் மிஷன் ஆஸ்பத்திரி. இப்போதும் எந்த ஜோடி எந்த வீடு என்று சொல்லுவேன். வீடுகளே பாதி இல்லை.

"மாமா, நாப்பத்தெட்டு எழுத்தை ஒரே மூச்சுல சொல்லிட்டீங்க. கைல எழுதி வச்சிருக்கீங்களா?"

"எழுத்து இருந்தா நான் ஏன் தம்பி படி ஏறுதேன்?"

விசயம் இதுதான். மிசினுக்குள் எல்லாவற்றையும் மேய்க்கிற மூலப் ப்ரோக்ராமுக்குக் கர்னல் என்று பெயர். ஜெயசிங் தானே ஒரு கர்னல் கட்டி இதில் வைத்திருந்தான். லைன் போன அன்றைக்கு அப்டேட் ஆனதில் அது போய், ஊர் உலகத்துக்கெல்லாம் பொதுவான கர்னல் வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு வைஃபை எழும்பவில்லை.

"அப்டேட் பெட்டி வந்தா சிவப்பைத் தொடணும், பச்சையைத் தொடக் கூடாதுன்னு ஜெயசிங் உங்களுக்காகவே நிறம் வச்சுக் குடுத்திருந்தானே மாமா. அன்னைக்கு எதைத் தொட்டீங்க?"

"நிறம் மாறிப்போச்சு" என்றேன்.

ஏப்ரல் 13, சனி

ஒன்றரை மணிக்கு மிசினுக்குள் மணி அடித்தது. எங்களுக்கு மறக்கக் கூடாதென்று அவன் வைத்த மணி, அதற்கு நெட் வேண்டாம், தானாக அடிக்கும். எப்சி சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு, கை கழுவி, தலையை ஒதுக்கிக்கொண்டு போய் அதன் முன்னால் உட்கார்ந்தாள். இதை எழுதாதே என்றேன். எழுதுகிறாள்.

ஏப்ரல் 15, திங்கள்

இன்று எட்டுத் தடவை ஏறி இறங்கினேன். வைஃபை கார்டு செத்துப்போகவில்லை, மிசின் அதைப் பார்க்கிறது. கார்டை ஓட்டுகிற டிரைவர் ப்ரோக்ராமும் பொதுக் கர்னலிலேயே இருக்கிறது. அதுவரை தெரிந்துவிட்டது. டிரைவரின் விவரம் கேட்கச் சொல்லி ஷாகுல் ஒரு வரி கொடுத்தார். எப்சி தட்டினாள். வந்ததைப் படித்தாள், நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏ, யு, டி, எச், ஓ, ஆர். ரெண்டு புள்ளி. ஜே, ஈ, ஒய், ஏ, எஸ், ஐ..."

நின்றுவிட்டாள்.

"மிச்சத்தையும் சொல்லு, மேல போவணும்."

"என், ஜி, எச்" என்றாள். சேலைத்தலைப்பால் திரையைத் துடைத்தாள். தூசி எதுவும் இல்லை.

எனக்குப் புரியாமல்தான் படி ஏறினேன். ஒன்பதாவது படியில் அந்த எழுத்துச் சத்தம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பத்தாம் கிளாஸ் படிக்கும்போது நோட்டுக்கு அட்டை போட்டு இதே சத்தத்தைச் சொல்லிச் சொல்லி எழுதுவான், கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு நான் கேட்டிருக்கிறேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன்.

மேலே போய் ஒப்பித்தேன். ஷாகுல் சொன்னார், "ஆமா மாமா. அந்த டிரைவரை எழுதினவங்கள்ல அவனும் ஒருத்தன். இனிமே உலகத்துல இந்தக் கார்டு உள்ள மிசின் எல்லாத்துலயும் இந்தப் பேரு போவும்."

"செத்த பொறவுமா?"

"அழிக்க மாட்டாங்க மாமா."

ஷாகுல் இன்னொன்றும் சொன்னார். அது பெரிய விசயம் இல்லை, எழுத வேண்டாம்.

சாயங்காலம் எப்சி மிசினுக்கு மேலே போட்டிருந்த துணியை எடுத்துவிட்டாள். மூடினால் அவனுக்கு மூச்சுமுட்டுமாம். அப்படிச் சொல்லிவிட்டு அவளே, "பைத்தியக்காரப் பேச்சு" என்றாள். துணியை மட்டும் திரும்பப் போடவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

கோளாறு பிடிபட்டது. கார்டு எழும்புவதற்கு அதன் வாயில் ஒரு சின்ன ஃபைல் ஊட்ட வேண்டும், அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். ஜெயசிங் தன் கர்னலுக்கு உள்ளேயே அந்த ஃபைலை வைத்துக் கட்டியிருந்தான். பொதுக் கர்னல் அதை வெளியே ஒரு இடத்தில் தேடுகிறது. அங்கே இல்லை.

"கேபிள் இருக்கு, இன்ஸ்ட்ருமெண்ட் இருக்கு, எக்ஸ்சேஞ்சுல இருந்து டயல்டோன் வரல. அப்படித்தானே தம்பி?"

"அதேதான் மாமா. எந்த ஃபைலைத் தேடுதுன்னு மிசினே சொல்லும். கடைசி ரெண்டு நம்பர் ரொம்ப முக்கியம். ஒரு நம்பர் மாறினாலும் கார்டு வாங்கிக்காது. வெளிய கிடைக்காத ஃபைலு, அவனோட வேலை பாத்தவங்ககிட்ட கேட்டுத்தான் வாங்கணும், ரெண்டு மூணு நாளாவும்."

கீழே வந்தேன். எப்சி படித்தாள். "ஆர், டபிள்யூ, எட்டு, எட்டு, நாலு, சைபர், ஒரு கீழ்க்கோடு, மூணு, ஒம்பது." ரெண்டு தடவை படித்தாள். படித்துவிட்டு, "இனி வந்துரும்லா? அவன் பேசினதைக் கேட்டிரலாம்லா?" என்றாள்.

"கேட்டிரலாம்" என்றேன்.

"அன்னைக்குப் பார்த்து நான் சர்ச்சுல பெண்கள் சங்கத்துக்குப் போய்ட்டேன். கடைசியா அவன் என்ன பேசினான்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களும் ஒழுங்காச் சொல்ல மாட்டேங்கீங்க."

"லைன் கட் ஆயிட்டுன்னு சொன்னேம்லா."

படி ஏறினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. தொட்டிச் சுவர் சுட்டது. ஷாகுலிடம் ஃபைல் பெயரைச் சொன்னேன்.

ஏப்ரல் 20, சனி

முழங்காலில் எண்ணெய் தேய்த்தேன். மாடிக்குப் போகவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

ஷாகுல் மெயிலில் அனுப்பின ஃபைலை வள்ளிநாயகம் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். எப்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் செருகினாள். ஷாகுல் சொன்ன இடத்தில் காப்பி செய்து, அணைத்துப் போட்டோம். வரவில்லை. மறுபடி அணைத்துப் போட்டோம். வரவில்லை. ஓரத்து விளக்கு ஆரஞ்சு நிறத்திலேயே நிற்கிறது.

எப்சி ஃபைல் பெயரைப் படித்துப் பார்த்தாள். கடைசியில் மூணு, ஆறு என்றிருக்கிறது. மிசின் கேட்டது மூணு, ஒம்பது. நான் சொன்னதில்தான் எண் மாறிப்போச்சு. வயசாகிறது. வெயில் வேறு.

(இவருக்கு எண் மாறாது. 1984இல் எங்கள் கல்யாணத்துக்கு வந்த மொய் இன்றைக்கும் பேர்வரிசையாகச் சொல்லுவார். சிவப்பு பச்சையும் மாறாது. கேபிள்காரர். என்னமோ இருக்கிறது. இதை இவர் சொல்லவில்லை, நான் எழுதுகிறேன். - எப்சி)

ஏப்ரல் 24, புதன்

மாடிக்குப் போய்ச் சரியான எண்ணைச் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். போனேன். சிக்னல் இல்லை.

ஏப்ரல் 25, வியாழன்

இன்றும் சிக்னல் இல்லை என்றேன். எப்சி என் கையிலிருந்து செல்லை வாங்கினாள். ஒரு சீட்டில் எழுத்தையெல்லாம் எழுதி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பதினேழு படியையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்து ஏறினாள். நான் கீழே நின்றேன். பிடிக்கப் போனபோது, "நீங்க அங்கயே இருங்க" என்றாள்.

நான் கட்டினதிலிருந்து அவள் என்னிடம் அப்படிப் பேசினதில்லை.

இருபது நிமிசம் ஆச்சு. சிக்னல் நன்றாகவே கிடைத்திருக்கிறது. இறங்கி வந்து தண்ணீர் குடித்தாள்.

"என்ன சொன்னாரு?"

"எண்ணைச் சொன்னேன். திங்கக்கிழமைக்குள்ள அனுப்பிருவாராம். முப்பதுக்கு ஒரு நாள் இருக்கும்."

இருபது நிமிசமாகவா ரெண்டு எண்ணைச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

ஒன்றரைக்கு மணி அடித்தது. இன்று எப்சி போய் உட்காரவில்லை. அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது. நான் அடுத்த அறையில் இருந்தேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

எப்சி சர்ச்சுக்குப் போனாள். நான் போகவில்லை. மிசின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு பட்டனை அழுத்தி அணைத்து, தூக்கிக்கொண்டு போய் வள்ளிநாயகத்திடம், தொடைச்சிருப்பா என்று சொன்னால் அரை மணி நேர வேலை. துணிப்பையையும் எடுத்தேன். மிசின் அடியில் கையை வைத்தேன். ஓடி ஓடிச் சூடாக இருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகு மாதிரி. கையை எடுத்துவிட்டேன்.

இதைச் சொல்லும்போது எப்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதிக்கொண்டே இருக்கிறாள்.

ஏப்ரல் 29, திங்கள்

காலை பத்து மணிக்குப் பென் டிரைவ் வந்தது. வள்ளிநாயகம் தானே வண்டியில் கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணாச்சி, ஒரு ஃபைலுக்கு ரெண்டு ஊரு அலையுது. அப்படி என்னதான் இருக்கு?" என்றார். எப்சி அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தாள்.

ஃபைலைப் போட்டாள். மூணு, ஒம்பது. அணைத்துப் போட்டோம். திரையில் எழுத்து ஓடியது. ஓரத்து விளக்கு ஆரஞ்சாக நின்றது, அணைந்தது, வெள்ளையாக எரிந்தது.

"வந்துட்டு" என்றாள்.

பேசுகிற ப்ரோக்ராம் தானாகத் திறந்தது. ஒரு வட்டம் சுற்றியது. டிங் என்றது. இன்னொரு டிங். இன்னொன்று.

"மூணு இருக்கு. ஜனவரி பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு." அவள் விரல் அம்புக்குறியை நகர்த்திக்கொண்டு போனது.

"எப்சி, பொறு."

"ம்."

"டைரியை எடு. முதல்ல ஒண்ணு எழுதிக்கோ."

எடுத்தாள்.

எழுது. ஜனவரி பதினொண்ணு லைன் கட் ஆகவில்லை. நான்தான் கட் பண்ணினேன். பேட்டரி தீரவில்லை. செல்லை நான்தான் அணைத்து, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன், மூணு நாளும். நிறமும் மாறவில்லை. தொடாதே என்று அவன் சொன்னதால்தான் பச்சையைத் தொட்டேன். மூணு ஒம்பதை மூணு ஆறு என்று சொன்னதும் தெரிந்துதான். இந்தச் சேதி உன் காதில் விழ வேண்டாம் என்று நினைத்தேன். வேலையை விட்டுவிட்டேன் என்று அன்றைக்கு அவன் என்னிடம் சொன்னான். இனி ஒரு வருசம் இந்த டிரைவர் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்யப் போகிறேன் என்றான். ஷாகுல் இன்னொன்று சொன்னார், எழுத வேண்டாம் என்றேனே, அது இதுதான். நான் பதினோரு வருசம் தினக்கூலியாகக் குழி வெட்டி, அதற்கப்புறம் நிரந்தரம் ஆனவன். நிரந்தர வேலையை ஒருத்தன் தானாக விடுவான் என்று எனக்குத் தெரியாது.

"வேலையை விட்டதை, நான் மாடி ஏறின அன்னைக்கு ஷாகுல் எனக்கும் சொன்னாரு" என்றாள் எப்சி. "உங்ககிட்டயும் சொல்லிட்டதா ஜெயசிங் சொன்னானாம். அதுக்கு மேல அவருக்கும் தெரியல. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

முதல் சேதியைத் தட்டினாள்.

அவன் குரல் வீட்டுக்குள் வந்தது. எப்சி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கோபமாகத்தான் பேசினான். "அப்பா, நீங்க சொன்னது ரொம்பத் தப்பு. நான் சின்னப் பிள்ளை இல்ல. உங்க தலைமுறைக்குப் பயம், அதுக்கு நான் என்ன செய்ய?" இன்னும் சொன்னான். எல்லாம் எனக்கு மனப்பாடம், ஒருதடவை கேட்டால் போதும். எழுத வேண்டாம்.

ரெண்டாவதில் பேச்சே இல்லை. தெருச் சத்தம், காற்று, மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அவனுக்குச் சளி பிடித்திருந்திருக்கிறது.

மூணாவது இது. எப்சி, ஒரு சொல் விடாமல் எழுது.

"அப்பா, செல்லு ஆஃப்ல இருக்கு. சரி. கோவம் ஆறினப்பொறவு கூப்பிடுங்க. ஒண்ணு மட்டும். அம்மா கேட்டா லைன் கட் ஆயிட்டுன்னு சொல்லுங்க. நானும் அப்படித்தான் சொல்லுவேன். நீங்க சொன்னது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். தாங்க மாட்டா."

முடிந்துவிட்டது. திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு நின்றுவிட்டது.

"அப்பனும் மவனும் சேர்ந்து" என்று ஆரம்பித்தாள் எப்சி. வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நான் பக்கத்தில் போகவில்லை. அவளாக ஓயும்வரை நின்றேன்.

அப்புறம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"விடு எப்சி."

"உங்களுக்கு எதுவும் மறக்காது. ஒரு சொல் விடாம சொல்லுங்க. அவனுக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியணும்."

சொன்னேன். நூறு நாளாக ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டிருக்கிறது, சொல்வதற்கு யோசிக்க வேண்டியதில்லை. "லே, நீ செத்தாக்கூட எனக்குத் தந்தி வரக் கூடாது." அதைச் சொல்லிவிட்டுத்தான் அணைத்தேன்.

எழுதினாள். பேனா நின்றது.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"எங்க இருக்கு?"

என் கையைப் பிடித்து, விரலைத் தாளில் கொண்டுபோய் வைத்தாள். மை ஈரமாக இருந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது, ரெண்டு விரலை வைத்தால் முழுசும் மறைந்துவிடும். வைத்தேன். மறைந்துவிட்டது.

விரலை எடுக்கட்டுமா என்று கேட்டேன். எப்சி என் கைமேல் இருந்த தன் கையை எடுக்கவில்லை.